பந்தியில் உட்கார்ந்தும் பசியோடு எழுந்த குழு: ஒரு கிளாம் மெட்டல் நிகழ்வு ஆய்வு

எதற்காக இந்தப் பதிவு

கிளாம் மெட்டல் என்ற அலங்கார ராக் இசை எப்படிச் செத்தது என்று கேட்டால், ராக் கேட்பவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் ஒரே பதிலைத்தான் சொல்வார்கள். 1991 செப்டம்பரில் சியாட்டில் வட்டாரத்துக் குழுவான நிர்வாணாவின் 'நெவர்மைண்ட்' ஆல்பம் வந்தது, 1992 ஜனவரியில் அமெரிக்கப் பட்டியலில் முதலிடத்துக்கு ஏறியது, தலைமுடியைச் சிலுப்பிக்கொண்டு ஆடிய குழுக்கள் எல்லாம் அத்தோடு மூட்டை கட்டின.

சில குழுக்களுக்கு இந்தக் கதை பொருந்தும். ஓரிகன் மாநிலத்தின் போர்ட்லண்ட் நகரிலிருந்து கிளம்பிய பிளாக் அண்ட் ப்ளூ குழுவுக்குப் பொருந்தாது. அவர்கள் கலைந்தது 1989இல். அந்த ஆண்டு இந்த இசைக்கு அறுவடைக் காலம். மாட்லி க்ரூவின் 'டாக்டர் ஃபீல்குட்' முதலிடம் பிடித்தது. ஸ்கிட் ரோ, வாரன்ட் என்று அப்போதுதான் முதல் ஆல்பம் போட்ட குழுக்கள்கூட லட்சக்கணக்கில் விற்றன. ஆகஸ்டில் பான் ஜோவியும் ஸ்கார்பியன்ஸும் மாட்லி க்ரூவும் மாஸ்கோவுக்கே போய் ஒரே மேடையில் வாசித்துவிட்டு வந்தார்கள். அப்படிப்பட்ட வருஷத்தில், ஒரு பெரிய கம்பெனியில் நான்கு ஆல்பம் போட்டிருந்த குழு ஒன்று பேசாமல் பிரிந்து போனது. ஏன் என்று தேடத் தேட, திறமைக் குறைவு என்ற பதில் எனக்குக் கிடைக்கவில்லை. கிடைத்தது, எடுத்தபோது ஒவ்வொன்றும் நியாயமாகத் தெரிந்த மூன்று முடிவுகளின் கணக்கு. அதைத்தான் இங்கே பதிகிறேன்.

குழுவின் ஐந்து பேரையும் பெயரால் குறிப்பிடப் போவதில்லை. பாடகர், லீட் கிட்டார்காரர், இரண்டாவது கிட்டார்காரர், பேஸ்காரர், டிரம்மர் என்று இருந்த இடத்தால் மட்டும் சொல்கிறேன். இன்றைக்கு எந்த ஊரிலும் குழு நடத்தும் ஐந்து பேர் தங்களை அந்த இடங்களில் வைத்துப் பார்க்க அது வசதியாக இருக்கும்.

பின்னணி: போர்ட்லண்ட், 1981

70களின் இங்கிலாந்தில் ஸ்வீட், ஸ்லேட், டி ரெக்ஸ் போன்ற குழுக்கள் ஜிகினா உடையும் முகப்பூச்சுமாக, தெருவில் போகிறவனும் கூடச் சேர்ந்து பாடும்படியான பல்லவிகளைப் பாடின. அமெரிக்காவில் நியூயார்க் டால்ஸும் கிஸ்ஸும் அதைத் தங்கள் வழியில் எடுத்துப் போனார்கள். அந்தப் பல்லவியையும் அலங்காரத்தையும் ஹெவி மெட்டலின் கனத்த கிட்டாரோடு சேர்த்தால் கிடைப்பது கிளாம் மெட்டல். பல்லவி நிற்கவில்லை என்றால் மற்ற எதுவும் அங்கே நிற்காது. இந்த ஆய்வு முழுக்க இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

பாடகரும் லீட் கிட்டார்காரரும் போர்ட்லண்ட் வட்டாரத்தில் பழைய கூட்டாளிகள். மூவி ஸ்டார் என்ற பெயரில் சேர்ந்து வாசித்தவர்கள், பிறகு பிளாக் அண்ட் ப்ளூ என்று பெயரை மாற்றிக்கொண்டார்கள். பாடகர் அடிப்படையில் டிரம் வாசித்தவர். எழுந்து முன்னால் வந்து மைக்கைப் பிடித்தார். பாட்டு எழுதும் வேலை பெரும்பாலும் இந்த இருவரிடம்.

ஓரிகனில் அன்று பெரிய ரெக்கார்ட் கம்பெனி கிடையாது. தெற்கே லாஸ் ஏஞ்சலிஸ் சாலை வழியாக 1,500 கிலோமீட்டருக்கு மேல். வடக்கே சியாட்டில் 300 கிலோமீட்டருக்குள். பத்தே ஆண்டில், நிர்வாணா போன்ற குழுக்களால், ராக் உலகம் முழுவதும் அந்த வடமேற்கு மூலையைத் திரும்பிப் பார்க்கப் போகிறது. 1981இல் அங்கே நின்ற ஐந்து இளைஞர்களுக்கு அது தெரிய வழியில்லை. வாய்ப்பு தெற்கில்தான் இருந்தது, தெற்கே போனார்கள்.

போவதற்கு ஒரு கைப்பிடியும் கிடைத்தது. பிரையன் ஸ்லேகல் என்ற இளைஞர் தொடங்கிய மெட்டல் பிளேட் நிறுவனம், கம்பெனி கிடைக்காத குழுக்களின் பாட்டுகளைச் சேர்த்து 1982இல் 'மெட்டல் மசாக்கர்' என்ற தொகுப்பை வெளியிட்டது. மெட்டாலிகா என்ற பெயர் முதன்முதலில் ஒரு தட்டில் ஏறியது அதில்தான். அதன் மறுபதிப்பில் ஒரு குழுவின் பாட்டை எடுத்துவிட்டு, பிளாக் அண்ட் ப்ளூவின் பாட்டைச் சேர்த்தார்கள். ஒரே தட்டில் மெட்டாலிகாவும் இவர்களும் இருந்தார்கள். தொடங்கிய இடம் எவ்வளவு சமமாக இருந்தது என்பதற்காகச் சொல்கிறேன்.

லாஸ் ஏஞ்சலிஸில் கண்டது

அவர்கள் போய்ச் சேர்ந்த சன்செட் ஸ்ட்ரிப் ஒன்றிரண்டு மைல் நீளமுள்ள சாலைத் துண்டு. விஸ்கி அ கோ கோ, ராக்ஸி, கஸ்ஸாரீஸ் என்ற இசைக் கிளப்புகள் எல்லாம் நடந்து போகிற தூரத்தில். வார இறுதியில் நடைபாதை முழுக்கக் குழுக்காரர்கள், கையில் நோட்டீஸ் கட்டு. விளக்குக் கம்பத்தில் இன்று நீங்கள் ஒட்டிய நோட்டீஸின் மேல் இன்னொரு குழு ஒட்டிவிடும், நாளைக்கு நீங்கள் அதன் மேல் ஒட்டுவீர்கள். கம்பம் நாளுக்கு நாள் பருத்துக்கொண்டே போகும். பின்னாளில் நிலைமை இன்னும் மோசமானது. குழுவே கிளப்பிடமிருந்து டிக்கெட்டுகளை முன்பணம் கொடுத்து வாங்கி, தானே விற்றுக்கொள்ள வேண்டும் என்ற வழக்கம் அங்கே ஊன்றிவிட்டது. விற்காத டிக்கெட்டின் நஷ்டம் குழுவின் தலையில்.

பிளாக் அண்ட் ப்ளூ வந்தது அந்தக் கெடுபிடி முற்றுவதற்கு முன். 1983 நவம்பரில் குவையட் ரயட்டின் 'மெட்டல் ஹெல்த்' அமெரிக்க ஆல்பம் பட்டியலில் முதலிடம் பிடித்தது. ஹெவி மெட்டல் ஆல்பம் ஒன்று அங்கே ஏறியது அதுதான் முதல் தடவை. 1981 ஆகஸ்டில் தொடங்கியிருந்த, பாட்டு வீடியோக்களைக் காட்டும் தொலைக்காட்சியான எம்டிவிக்கு, கண்ணைக் கவரும் குழுக்கள் தேவைப்பட்டன. கம்பெனிகளுக்குள் யார் முந்துவது என்ற போட்டி. அந்தக் காலத்தில் இவர்கள் ஜெஃபன் ரெக்கார்ட்ஸில் கையெழுத்திட்டார்கள். 1980இல் டேவிட் ஜெஃபன் தொடங்கிய கம்பெனி, கையில் பணமும் காதில் ருசியும் உள்ள இடம் என்று பேர் வாங்கியது. வெளியிலிருந்து பார்த்தால் குழு கரையேறிவிட்டது.

கையெழுத்துக்குப் பின்னால் உள்ள கணக்கு

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். பின்னால் வரும் பதற்றம் முழுவதற்கும் வேர் இங்கேதான்.

அன்றைய வழக்கமான ஒப்பந்தத்தில் கம்பெனி தருவது முன்பணம், சம்பளம் கிடையாது. ஸ்டுடியோச் செலவு, புரொடியூசர் கூலி, வீடியோச் செலவில் ஒரு பங்கு, டூருக்குக் கொடுத்த உதவி எல்லாம் குழுவின் கணக்கில் பற்றாக எழுதப்படும். குழுவுக்குச் சேர வேண்டிய ராயல்டியிலிருந்து, அதாவது விற்பனைப் பங்கிலிருந்து, அதைக் கழித்துக்கொண்டே வருவார்கள். கழித்து முடியும்வரை தட்டு விற்ற வகையில் கைக்குப் பைசா வராது. ஒரு ஆல்பத்தின் பாக்கி அடுத்த ஆல்பத்தின் தலையிலும் ஏறும்.

விளக்கத்துக்காக நானே போடும் எண்கள் இவை, இந்தக் குழுவின் எண்கள் அல்ல. எல்லாச் செலவும் சேர்த்துப் பற்று 3,00,000 டாலர். புரொடியூசர் பங்கு போக ஒரு தட்டுக்குக் குழுவின் வரவு 80 சென்ட் என்று வைப்போம். பற்று தீர 3,75,000 தட்டுகள் விற்க வேண்டும். 1,00,000தான் விற்றது என்றால் பாக்கி 2,20,000 டாலர். அடுத்த ஆல்பத்துக்கும் அதே செலவு என்றால் பற்று 5,20,000 ஆகிவிடும். அதைத் தீர்க்க இரண்டாவது ஆல்பம் 6,50,000 விற்க வேண்டும். அமெரிக்காவில் தங்கத் தட்டு கொடுப்பதே 5,00,000க்குத்தான். அதாவது முதல் ஆல்பம் தடுக்கி விழுந்தால், இரண்டாவது தங்கத் தட்டு வாங்கியும் கடனில் நிற்கும்.

பாட்டு எழுதியவருக்கு வரும் பங்கு பொதுவாக இந்தப் பற்றுக்குள் சிக்காது. அதனால் ஐந்து பேர் ஒரே வேனில் போய் ஒரே மேடையில் வாசித்தாலும், எழுதும் இரண்டு பேருக்கு ஏதோ வரும், மற்ற மூன்று பேருக்கு வராது. உலகெங்கும் குழுக்களுக்குள் புகையும் விஷயம் இது.

இப்படிப்பட்ட கணக்கில் உட்கார்ந்திருப்பவனுக்கு 'மெதுவாக வளரலாம்' என்ற யோசனை வராது. அடுத்த ஆல்பம் ஹிட் அடித்தே ஆக வேண்டும். அடிக்க வேண்டுமென்றால் ஏற்கெனவே அடித்தவரைத் தேடிப் போக வேண்டும்.

முதல் முடிவு: ஜெர்மனி, 1984

நம் ஊரில் தயாரிப்பாளர் என்றால் பணம் போடுபவர். ராக் உலகில் புரொடியூசர் என்பவர் வேறு. எந்தப் பாட்டு இருக்கட்டும், எது போகட்டும், பல்லவி எத்தனை தடவை வரட்டும், டிரம் எந்த அறையில் வாசிக்கப்படட்டும் என்று தீர்மானிப்பவர். ஒலியின் முகம் அவர் கையில்.

முதல் ஆல்பத்துக்கு டீட்டர் டீர்க்ஸைப் பிடித்தார்கள். ஸ்கார்பியன்ஸின் ஒலியைச் செதுக்கியவர். 1984இல் அவர் செய்த 'லவ் அட் ஃபர்ஸ்ட் ஸ்டிங்' அமெரிக்காவில் ஆறாம் இடம் வரை போனது. குழு மேற்கு ஜெர்மனிக்குப் பறந்து பதிவு செய்தது. காரணம் தெளிவு. டீர்க்ஸின் கிட்டார் ஒலிக்கு அமெரிக்க வானொலியில் இடம் கிடைத்திருந்தது.

1984 ஆகஸ்டில், குழுவின் பெயரையே தலைப்பாகக் கொண்டு ஆல்பம் வந்தது. அதன் 'ஹோல்ட் ஆன் டு எய்ட்டீன்' பாட்டை இன்றும் என்னால் ஒரு தடவையோடு நிறுத்த முடிவதில்லை. பதினெட்டு வயதை விட்டுவிடாதே, பிடித்துக்கொள் என்கிற பாட்டு. பாடியவர்கள் அந்த வயதைத் தாண்டி அதிக தூரம் வந்துவிடவில்லை, அதனால் அதில் பாவனை இல்லை. இரண்டாவது முறை பல்லவி வரும்போது கேட்பவரும் கூடப் பாடத் தொடங்கிவிடுவார். ஸ்வீட்டின் 1975ஆம் ஆண்டுப் பாட்டு 'ஆக்‌ஷன்' ஒன்றையும் எடுத்து வாசித்திருந்தார்கள். தங்கள் வேர் எது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

ஆனால் ஆல்பம் அமெரிக்கப் பட்டியலின் மேல் நூறுக்குள் ஏறவில்லை. அதே ஆண்டு ராட் குழுவின் 'அவுட் ஆஃப் தி செல்லர்' முதல் பத்துக்குள் போனது. புதுக் குழுவுக்கு முதல் ஆல்பத்தில் இது பெரிய அவமானமும் இல்லை, பெரிய வெற்றியும் இல்லை. என் பார்வையில் இந்த ஆல்பம்தான் அவர்களுடைய சொந்த முகத்துக்கு மிக அருகில் இருந்தது. இதையே இன்னொரு படி வளர்த்திருக்கலாம். அவர்கள் திரும்பினார்கள்.

இரண்டாவது முடிவு: வான்கூவர், 1985

இந்த ஆய்வின் நடுத்தூண் இந்த ஆல்பம்.

வானொலிக்கு இன்னும் மெருகு வேண்டும் என்று கருதி, இரண்டாவது ஆல்பம் 'வித்தவுட் லவ்'வை கனடாவின் வான்கூவரைச் சேர்ந்த புரூஸ் ஃபேர்பேர்னிடம் கொடுத்தார்கள். ஃபேர்பேர்ன் அன்றைக்கு லவர்பாய் குழுவின் ஆல்பங்களால் அறியப்பட்டவர். கூர்மையான கிட்டாரைக் கொஞ்சம் மழுப்பி, குரல்களை அடுக்கி, கீபோர்டுக்கு இடம் விட்டு, எல்லாவற்றையும் பளபளவென்று துடைத்து வைப்பதில் கெட்டிக்காரர். முதல் ஆல்பத்தை முடித்துவிட்டு உடனே இதைப் போட்டுக் கேளுங்கள். அதே குரல், அதே விரல்கள். ஆனால் வேறொரு வீட்டுக்குள் நுழைந்த மாதிரி இருக்கும். மோசமான வீடு அல்ல. முதல் வீட்டுக்குப் பழகி வந்தவருக்கு மட்டும் வாசல் தெரியாது.

ஆல்பம் விற்கவில்லை. ஆனால் அதன் ஒலி வேறொருவர் காதில் விழுந்தது. பான் ஜோவி தங்கள் மூன்றாவது ஆல்பத்துக்கு ஆள் தேடிக்கொண்டிருந்தார்கள். 'வித்தவுட் லவ்'வைக் கேட்டுவிட்டு, இந்த ஒலியைச் செய்தவர்தான் வேண்டும் என்று ஃபேர்பேர்னிடம் போனார்கள். 1986 ஆகஸ்டில் 'ஸ்லிப்பரி வென் வெட்' வந்தது. எட்டு வாரம் முதலிடம். அமெரிக்காவில் மட்டும் ஒரு கோடிக்கு மேல் விற்பனை.

ஒரே புரொடியூசர், ஓர் ஆண்டு இடைவெளி. ஒன்று மறைந்தது, மற்றது அந்தப் பத்தாண்டின் அடையாளமானது. இதை 'அதிர்ஷ்டம்' என்று தள்ளிவிட எனக்கு மனமில்லை, ஏனென்றால் வித்தியாசங்களைத் தொட்டுக் காட்ட முடியும்.

பான் ஜோவி வெறுங்கையோடு வான்கூவர் போகவில்லை. அவர்களுடைய முதல் ஆல்பம் 43ஆம் இடம், இரண்டாவது 37ஆம் இடம். சிறிய ஏற்றம்தான், ஆனாலும் ஏற்றம். கம்பெனி பணம் போடத் தயாராக இருந்தது. அதைவிட முக்கியம், பாட்டு. எழுதிக் கொடுப்பதில் கைதேர்ந்த டெஸ்மண்ட் சைல்டைக் கூட்டாளியாகச் சேர்த்தார்கள். ஏறத்தாழ முப்பது பாட்டுகளை எழுதிவிட்டு, சொந்த ஊர்ப் பக்கத்துப் பையன்களுக்கும் பெண்களுக்கும் போட்டுக் காட்டி, எது பிடிக்கிறது என்று கேட்டார்கள். அதன் பிறகுதான் ஆல்பத்துக்கானதைத் தேர்ந்தெடுத்தார்கள்.

பிளாக் அண்ட் ப்ளூ மாற்றியது ஒலியை. பான் ஜோவி மாற்றியது, ஒலியோடு சேர்த்துப் பாட்டு உருவாகும் முறையையே. பல்லவி நிற்க வேண்டிய இசையில் எந்த மாற்றம் பலிக்கும் என்பது இப்போது பார்த்தால் தெரிகிறது. 1985இல் ஸ்டுடியோவுக்குள் உட்கார்ந்திருந்தவர்களுக்கு, ஒலிப்பெருக்கியில் வந்த அந்தப் பளபளப்பே பதிலாகத் தோன்றியிருக்கும்.

மூன்றாவது முடிவு: ஜீன் சிம்மன்ஸ், 1986 முதல் 1988 வரை

1985, 86இல் கிஸ் குழு 'அசைலம்' டூர் போனபோது பிளாக் அண்ட் ப்ளூ அதில் தொடக்கக் குழுவாக வாசித்தது. சிறுவயதில் கிஸ் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அது கனவு.

தொடக்கக் குழுவின் நிலை என்ன என்பதையும் சொல்ல வேண்டும். பொதுவாக அரை மணி, முக்கால் மணி நேரம்தான் கிடைக்கும். முக்கியக் குழுவின் டிரம்ஸும் பெட்டிகளும் துணி போர்த்தி மேடையில் நிற்கும். அதற்கு முன்னால் மிஞ்சிய இடத்தில் நின்று வாசிக்க வேண்டும். கூட்டத்தில் பாதிப் பேர் இன்னும் வாசலில் தின்பண்டம் வாங்கிக்கொண்டிருப்பார்கள். உள்ளே இருப்பவர்களும் இவர்களுக்காக வந்தவர்கள் அல்லர். அப்படி வாசித்தும் கிஸ்ஸின் பேஸ்காரர் ஜீன் சிம்மன்ஸின் கண்ணில் இவர்கள் பட்டார்கள். மூன்றாவது ஆல்பம் 'நாஸ்டி நாஸ்டி'யும் (1986) நான்காவது 'இன் ஹீட்'டும் (1988) அவர் புரொடியூசராக இருந்து செய்தவை.

முடிவின் காரணம் புரிகிறது. கனடாவின் மெருகு பலிக்கவில்லை, மறுபடி முரட்டு ராக்குக்குத் திரும்பலாம். கூடவே கிஸ் என்ற பெயரின் நிழலும் கிடைக்கும். ஆனால் இரண்டு சிக்கல்கள்.

ஒன்று, சிம்மன்ஸ் அந்த ஆண்டுகளில் பல குதிரைகளில் சவாரி செய்தார். கிஸ்ஸோடு சேர்த்து சினிமாவில் நடிப்பு, கீல் குழுவின் ஆல்பங்கள், ஜெஃபனிலேயே இருந்த ஜப்பானியக் குழுவான இஸோவின் ஆல்பம், 1988இல் சொந்தமாக ஒரு ரெக்கார்ட் கம்பெனி. கவனம் பங்கு போடப்பட்டிருந்தது. மற்றொன்று, 'நாஸ்டி நாஸ்டி' ஆல்பமே ஒரு மனதாக இல்லை. வானொலிக்கென்று ஒரு மென்மையான பாட்டை மட்டும் ஜர்னி குழுவின் ஜோனதன் கெய்ன் தனியாகப் புரொடியூஸ் செய்தார். ஒரு பக்கம் முரட்டுத்தனம், நடுவில் ஒரு ஜர்னி பாணிக் காதல் பாட்டு. எந்தக் குழு இது என்று கேட்கும் ரசிகனுக்கு ஆல்பம் பதில் சொல்லவில்லை.

நான்கு ஆல்பங்களையும் நான் வரிசையாகப் பலமுறை கேட்டிருக்கிறேன். முதலில் ஸ்கார்பியன்ஸின் சாயல், பிறகு லவர்பாயின் பளபளப்பு, பிறகு கிஸ்ஸின் குறும்பு. நல்ல பாட்டு எல்லாவற்றிலும் இருக்கிறது. வாசிப்பில் குறை சொல்ல முடியாது. ஆனால் மூன்று வருஷம் கழித்துத் திரும்பி வந்த ரசிகன், தான் விரும்பிய குழுவைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

கலைந்தது: 1989

1987இல் ஜெஃபன் கம்பெனிக்குள் நடந்ததைப் பார்த்தால் மீதி விளங்கும். ஒரே ஆண்டில் ஒயிட்ஸ்னேக்கின் ஆல்பம் இரண்டாம் இடம் வரை போனது. ஏரோஸ்மித்தின் 'பெர்மனன்ட் வெக்கேஷன்' அந்தப் பழைய குழுவைத் தூக்கி நிறுத்தியது. அதைச் செய்தவர் அதே புரூஸ் ஃபேர்பேர்ன், அதே வான்கூவர். ஜூலையில் கன்ஸ் அண்ட் ரோஸஸின் 'அப்பெடைட் ஃபார் டிஸ்ட்ரக்‌ஷன்' வந்தது. அது உடனே ஓடிவிடவில்லை. ஓர் ஆண்டுக்கு மேல் தள்ளித் தள்ளி, 1988 ஆகஸ்டில்தான் முதலிடத்துக்கு வந்தது. ஒரு கம்பெனி தன் பொறுமையையும் பணத்தையும் எங்கே வைத்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

'இன் ஹீட்' வெளிவந்தது இந்த நெரிசலுக்குள். வீட்டில் மூன்று பிள்ளைகள் முதல் மதிப்பெண் வாங்கும்போது, நான்காவது பிள்ளை சுமாராகப் பாஸ் செய்ததை யாரும் எடுத்துப் பார்க்க மாட்டார்கள். நான்கில் ஒரு ஆல்பமும் தங்கத் தட்டைத் தொடவில்லை, மேல் நூறுக்குள்ளும் வரவில்லை. ஜெஃபனோடான உறவு நான்காவது ஆல்பத்தோடு முடிந்தது. 1989இல் குழு கலைந்தது.

இங்கே கவனிக்க வேண்டிய ஒன்று. நான்கு ஆல்பத்திலும் அதே ஐந்து பேர். அந்தக் காலத்துக் குழுக்களில் ஆள் மாற்றம் சாதாரணம். இவர்கள் ஒருவரை ஒருவர் துரத்தவில்லை, கடைசிவரை சேர்ந்தே நின்றார்கள். ஒற்றுமை இருந்தும் குழு உடைந்தது. அதனால்தான் இந்த நிகழ்வு எனக்கு வலிக்கிறது. சண்டை போட்டுப் பிரிந்தவர்களைப் பற்றி எழுதுவது எளிது.

பின் நடந்தவை

லீட் கிட்டார்காரர் கிஸ்ஸை விட்டு விலகவே இல்லை. 1989இல் வந்த கிஸ்ஸின் 'ஹாட் இன் தி ஷேட்' ஆல்பத்தில் இரண்டு பாட்டுகளைச் சேர்ந்து எழுதினார். 90களில் அவரும் பாடகரும் கிஸ் பாட்டுகளை அதே முகப்பூச்சோடு அச்சாக வாசிக்கும் கோல்ட் ஜின் என்ற குழுவில் இருந்தார்கள். பாடகர் மறுபடி டிரம்ஸுக்குப் பின்னால் உட்கார்ந்தார். பிறகு கிட்டார்காரர் கிஸ் அலுவலகத்திலேயே வேலைக்குச் சேர்ந்து, கையில் கிடைத்த எல்லா வேலையையும் செய்தார். 1996இல் கிஸ்ஸின் பழைய நால்வர் மறுபடி சேர்ந்தபோது, பழைய பாட்டுகளில் அவர்கள் வாசித்ததை அவர்களுக்கே நினைவூட்டிப் பயிற்சி கொடுத்தவர்களில் இவர் ஒருவர். 2002இல் அவரே கிஸ்ஸின் லீட் கிட்டார்காரர் ஆனார். 2023 டிசம்பர் 2 அன்று நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் கிஸ் தங்கள் கடைசி நிகழ்ச்சியை வாசித்தபோது, வெள்ளி நிறம் பூசிய முகத்தோடு அந்த இடத்தில் நின்றவர், போர்ட்லண்டிலிருந்து கிளம்பிய அந்த இளைஞர்.

பாடகர் 2004 முதல் 2008 வரை வாரன்ட் குழுவில் பாடினார், ஓர் ஆல்பமும் போட்டார். இவர்கள் பிரிந்த அதே 1989இல் முதல் ஆல்பம் வந்து கொடிகட்டிய குழு வாரன்ட்.

1997இல் போர்ட்லண்டில் பழைய ஐவரும் ஓர் இரவு மட்டும் சேர்ந்து வாசித்தார்கள். அது மறு ஆண்டு நேரடிப் பதிவாக வெளிவந்தது. 2010இல் ஓரிகன் இசைப் புகழரங்கில் குழு சேர்க்கப்பட்டது. 2011இல் லீட் கிட்டார்காரர் இல்லாமல் 'ஹெல் யா!' என்ற புது ஆல்பம் வந்தது.

எதை மாற்றியிருக்கலாம்

முதலில், புரொடியூசரை மாற்றும் வேகம். முதல் ஆல்பம் மேல் நூறின் வாசல்வரை வந்துவிட்டுத் திரும்பியது என்றால், அது கைவிட வேண்டிய இடம் அல்ல. டீர்க்ஸோடு இன்னொரு ஆல்பம் செய்திருந்தால் அது அடித்திருக்கும் என்று என்னால் உறுதி சொல்ல முடியாது. குழுவுக்கு ஒரு முகம் நிலைத்திருக்கும் என்று சொல்ல முடியும். அந்த முகம் இருந்திருந்தால், மூன்றாவது ஆல்பத்தில் ஃபேர்பேர்னிடம் போனாலும் அவர் எதை மெருகேற்றுகிறார் என்பது தெளிவாக இருந்திருக்கும்.

அடுத்து, பாட்டு. இரண்டு பேர் எழுதி, ஐந்து பேர் வாசித்து, ஒருவர் தேர்ந்தெடுக்கும் முறையைத் திறந்து விட்டிருக்கலாம். பான் ஜோவி ஊர்ப் பிள்ளைகளிடம் போட்டுக் காட்டியதற்குப் பெரிய செலவு ஒன்றுமில்லை. போர்ட்லண்டில் இவர்களுக்கும் பிள்ளைகள் இருந்தார்கள். ஸ்டுடியோவுக்குள் ஒரு நாளைக்கு ஆகும் பணத்தில் அப்படிப் பத்து மாலைகள் நடத்தலாம். ஒலிக்குச் செலவழித்ததில் ஒரு பகுதியைப் பாட்டைச் சோதிக்கச் செலவழித்திருக்க வேண்டும் என்பது என் முதன்மையான கருத்து.

மூன்றாவது, பெரியவர் நிழல். கிஸ்ஸோடு டூர் போனது சரியான முடிவு என்றே நினைக்கிறேன். அந்தக் கூட்டம் வேறெப்படியும் கிடைத்திருக்காது. ஆனால் அதே ஆளிடம் அடுத்தடுத்து இரண்டு ஆல்பத்தைக் கொடுத்தபோது, குழு கிஸ்ஸின் ஒரு கிளைபோல ஒலிக்கத் தொடங்கியது. டூரில் ஒருவர் நிழலில் நிற்பவர், ஸ்டுடியோவில் அவரை விட்டு விலகி நிற்பது நல்லது. குறைந்தபட்சம் 'இன் ஹீட்'டை வேறொருவர் செய்திருக்க வேண்டும்.

கடைசியாக ஒப்பந்தம். புதுக் குழுவிடம் பேரம் பேசும் பலம் கிடையாது, ஒப்புக்கொள்கிறேன். இருந்தாலும் ஒரு ஆல்பத்தின் பாக்கியை அடுத்ததில் ஏற்றக் கூடாது என்ற ஒரு வரிக்காக, முன்பணத்தில் ஒரு பகுதியை விட்டுக் கொடுத்திருக்கலாம். கையில் வரும் காசு குறையும், வேன் பழையதாக இருக்கும். ஆனால் 1985 தொடக்கத்தில் அவர்கள் கணக்கு பூஜ்யத்தில் இருந்திருக்கும், அடுத்த ஆல்பம் அடித்தே தீர வேண்டும் என்ற கத்தி கழுத்தில் இருந்திருக்காது. அப்போது ஜெர்மனிக்கே திரும்பிப் போயிருப்பார்களா என்று நான் அடிக்கடி யோசிப்பதுண்டு. 1997ஆம் ஆண்டுப் போர்ட்லண்ட் பதிவில், எட்டு ஆண்டு இடைவெளிக்குப் பிறகும் அந்த ஐந்து பேர் ஒருவர் மூச்சை ஒருவர் அறிந்து வாசிப்பதைக் கேட்கும்போது அந்த யோசனை இன்னும் அதிகமாகிறது.